ஓரம் வெட்டாத பாதி

பிப்ரவரி 6

பசைக்கைத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று நெற்றியைச் சுருக்காதே. போனில் நீ "ம்", "சரி", "வைக்கட்டுமாக்கா" என்ற மூன்றைத் தவிர வேறெதுவும் பேசுவதில்லை. கடிதம் என்றால் ஒரு பக்கமாவது நிரப்பித்தானே ஆகவேண்டும். உன் முதுகுவலி தேவலையா? உன் வீட்டுக்காரிக்கு இருமல் விட்டதா? இங்கே நானும் உன் அத்தானும் ஆண்டவர் கிருபையால் நன்றாகத்தான் இருக்கிறோம். அவர் பகலெல்லாம் பஸ்ஸை ஓட்டுகிறார், வீட்டுக்கு வந்தால் என்னை ஓட்டுகிறார்.

சலவைக்கூடத்தில் எப்போதும்போல வேலை. ஹோட்டல் விரிப்புகள் ஒரு நாளைக்கு நானூறு வருகின்றன. நீராவியில் நின்று நின்று என் முகத்தில் சுருக்கமே விழாது என்று கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்கிறார்கள். வலது தோளில் மட்டும் கொஞ்சம் வலி. இஸ்திரிப் பெட்டி பிடிக்கிற கை, வலிக்காமல் என்ன செய்யும்? டாக்டரிடம் ஒரு நடை போய்விட்டு வரச் சொல்லி மேற்பார்வைக்காரி அரை நாள் லீவு கொடுத்தாள். போனேன். வந்தேன்.

ஒரு சின்ன உதவி. அம்மா போனபிறகு அவள் வேதபுத்தகத்துக்காக நாம் அடித்துக்கொண்டதும், கடைசியில் நீயே அதை இரண்டாகப் பிரித்ததும் நினைவிருக்கிறதா? சாலமோன் ராஜா கதையிலாவது நிஜத் தாய் விட்டுக்கொடுத்தாள். நம் இரண்டு பேரில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆதியாகமத்திலிருந்து சங்கீதம் வரை எனக்கு வந்தது. நீதிமொழிகளிலிருந்து வெளிப்படுத்தல் வரை உன்னிடம் போயிற்று.

இப்போது தினமும் ஏசாயா நாற்பத்து மூன்றாம் அதிகாரத்தைப் படிக்கிறேன். தண்ணீரைக் கடக்கும்போது கூட இருப்பேன் என்று ஆண்டவர் சொல்கிற இடம். சபையில் கொடுத்த புதுப் புத்தகத்தில் வசனம் இருக்கிறது, அம்மாவின் பென்சில் இல்லை. அந்த இடத்தில் ஓரத்தில் அம்மா கட்டாயம் ஏதாவது எழுதியிருப்பாள். பார்த்து எழுதுவாயா? அவசரம் ஒன்றும் இல்லை. ஆனால் சீக்கிரம் எழுது.

உன் நினைவாகவே இருக்கும்,
அக்கா


பிப்ரவரி 19

அன்புள்ள அக்காவுக்கு,

கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. பதில் எழுதப் பிந்தியதற்குத் திட்டாதே. இங்கே எல்லாரும் சுகம். என் முதுகு இருக்கவேண்டிய இடத்தில் இருக்கிறது. இருமல் நின்றுவிட்டது, இப்போது அவள் என்னைத் திட்டத்தான் வாயைத் திறக்கிறாள். உன் தோளுக்கு டாக்டர் என்ன சொன்னார் என்று நீ எழுதவில்லையே. போனேன், வந்தேன் என்றால் என்ன அர்த்தம்?

பைண்டிங் கடையில் இது பள்ளிக்கூட ரெஜிஸ்டர் சீசன். மூன்று பேர் தைக்கிறார்கள், நான் அட்டை போட்டு ஓரம் வெட்டுகிறேன். எந்தப் பக்கம் திரும்பினாலும் காகிதச் சீவல்தான். பசை வாளியில் ஈ விழுந்தால் அதற்கும் ஒரு அட்டை போட்டுவிடுவேன்போல இருக்கிறது.

நீ கேட்ட இடத்தைப் பார்த்தேன். பென்சில் கொஞ்சம் மங்கியிருக்கிறது, ஆனாலும் தெரிகிறது. அம்மா இப்படி எழுதியிருக்கிறாள்: "தண்ணீர் வராது என்று அவர் சொல்லவில்லை. கூட வருவேன் என்றுதான் சொல்லியிருக்கிறார்."

இவ்வளவுதான். அத்தானுக்கு என் அன்பு.

உன்,
பசைக்கை


மார்ச் 2

அன்புத் தம்பிக்கு,

நீ சுகமாக இருக்கிறாய் என்று படித்ததே பாதித் தெம்பு. மீதித் தெம்பு அந்த இரண்டு வரியில் கிடைத்தது. அதைத் துண்டுக் காகிதத்தில் எழுதி, தலைவாரும் கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறேன். உன் அத்தான் சவரம் செய்யும்போது அதைத்தான் படிக்கிறார். "ஒங்கம்மா இவ்வளவு அழகா எழுதுவாங்களா?" என்று கேட்டார். அம்மாவைப் பற்றி உங்களுக்கு என்ன தெரியும் என்று சொல்லிவிட்டேன்.

தோள் வலி தோள் வலி இல்லையாம். அக்குளுக்குக் கீழே ஒரு கட்டி இருக்கிறது. ஊசி விட்டுக் கொஞ்சம் எடுத்திருக்கிறார்கள், அடுத்த வாரம் தெரியும். நீ பயப்படாதே. எல்லாருக்கும் எடுத்துப் பார்ப்பார்களாம். வேலைக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன்.

மாற்கு ஐந்தாம் அதிகாரத்தையும் பாரேன். பன்னிரண்டு வருஷம் நோயோடு கிடந்தவள் கூட்டத்துக்குள் நுழைந்து இயேசுவின் வஸ்திரத்தைத் தொடுகிற இடம். அம்மா அங்கே என்ன எழுதியிருக்கிறாள்?

உன் வீட்டுக்காரியிடம் ஒன்றும் சொல்லவேண்டாம். அவள் அழுதால் உனக்கும் அழுகை வரும்.

அக்கா


மார்ச் 5

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இது உங்களுக்கு மட்டும். பஸ் டிப்போ முகவரிக்கு அனுப்புகிறேன், அக்கா கண்ணில் பட்டுவிடக்கூடாது. நீங்கள் சுகமா என்று கேட்கக்கூட வெட்கமாக இருக்கிறது. அக்காவுக்கு உண்மையில் என்ன? கட்டி என்கிறாள், எல்லாருக்கும் எடுத்துப் பார்ப்பார்கள் என்கிறாள். அவள் இவ்வளவு சாதாரணமாகச் சொன்னால் விஷயம் சாதாரணம் இல்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறதே, அது அம்மா எழுதியது இல்லை. நான் எழுதியது.

புத்தகத்தைப் பிரித்த நாளில் அக்காவின் பாதியை அவள் கண் முன்னால் வீட்டிலேயே கையால் தைத்துக் கொடுத்தேன். என் பாதியைக் கடைக்குக் கொண்டுபோய், ரெஜிஸ்டர் கட்டுகளோடு சேர்த்துத் தைத்து அட்டை போட்டேன். அட்டை போடுமுன் மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவது எங்கள் வழக்கம். இருபது வருஷமாக வெட்டுகிற கை. யோசிக்கவே இல்லை. அடுக்கோடு அடுக்காக மெஷினுக்குள் தள்ளி, கைப்பிடியை இழுத்துவிட்டேன். கீழே குனிந்து பார்த்தால் காலடியில் கிடந்த சீவல் முழுக்கப் பென்சில் எழுத்து.

பொறுக்கப் பார்த்தேன், அத்தான். நூல் மாதிரி சுருண்டு கிடந்தது. எது எந்தப் பக்கத்தின் ஓரம் என்று யாருக்குத் தெரியும்? பதினொரு வருஷமாக இதை யாரிடமும் சொன்னதில்லை. அந்த மொட்டை ஓரத்தைப் பார்க்கப் பயந்து புத்தகத்தைத் திறப்பதை விட்டேன். திறக்காததால் ஜெபம் விட்டுப்போயிற்று. ஜெபம் இல்லாமல் கோயிலுக்குப் போய் என்ன செய்வது என்று அதுவும் நின்றது. அக்கா கேட்கும்போதெல்லாம் போகிறேன் என்றுதான் சொல்லிவந்தேன்.

அவள் ஏசாயா கேட்டதும், கடையில் சாப்பாட்டு இடைவேளையில் உட்கார்ந்து அந்த அதிகாரத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். அம்மா இருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று யோசித்து அந்த இரண்டு வரியை எழுதினேன். இப்போது மாற்கு கேட்கிறாள். நான் என்ன செய்யட்டும்?

உங்கள் மாப்பிள்ளை


மார்ச் 12

மாப்பிள்ளைக்கு,

நலம். எனக்கு எழுத வராது, ஸ்டியரிங்தான் வரும். அதனால் நேரே விஷயம்.

கெட்ட கட்டிதான். நேற்றுச் சொன்னார்கள். ஏப்ரல் 18 ஆபரேஷன். அதற்குப் பிறகு மருந்து ஏற்றுவார்கள். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டோம் என்று டாக்டர் அம்மா மூன்று தடவை சொன்னார். நான் அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அக்கா ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நேரே கண்ணாடி முன்னால் போய் நின்றாள். ஐந்து நிமிஷம் நின்றிருப்பாள். பிறகு "சாப்பிட வாங்க" என்றாள்.

நீங்கள் வெட்டியது தப்பு. மறைத்தது அதைவிடத் தப்பு. எழுதியது தப்பா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. மாற்கு பற்றி எழுதுங்கள். உண்மையை எப்போது சொல்வது என்று நீங்களே முடிவு செய்யுங்கள், ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள்.

உங்கள் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டேன்.

அத்தான்


மார்ச் 16

அக்காவுக்கு,

அத்தான் எல்லாம் சொல்லிவிட்டார். அவரைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். இங்கே எங்களுக்கு உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுதான் ஒரு இடத்தில் நிற்கவில்லை. உன் தம்பி மனைவியிடமும் சொல்லிவிட்டேன். நீ சொன்ன மாதிரியே அவள் அழுதாள், நானும் அழுதேன். அழுது முடித்தபிறகு இரண்டு பேருமாக முழங்காலில் நின்றோம். எனக்குத் தொடங்கவே தெரியவில்லை. அவள்தான் தொடங்கினாள்.

மாற்கு ஐந்தில் இப்படி இருக்கிறது: "சாகக்கிடக்கிற ஒரு பெண்ணைப் பார்க்க அவர் அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். ஆனாலும் இவளுக்காக நின்றார்."

அக்கா, நான் இந்த அதிகாரத்தை இதற்கு முன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவர் வேறொரு வீட்டுக்குப் போகிற வழியில் நின்றார் என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. உனக்காகவும் நிற்பார்.

ஆபரேஷனுக்கு நான் வருகிறேன். வரவேண்டாம் என்று எழுதாதே.

தம்பி


மார்ச் 28

என் தம்பிக்கு,

வரவேண்டாம் என்றுதான் எழுதப்போகிறேன். ஆஸ்பத்திரியில் ஒருவரைத்தான் கூட விடுவார்கள். நீ வந்தால் உன் அத்தானை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையோடு உன்னை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலையும் சேரும். எல்லாம் முடிந்தபிறகு வா. உங்கள் இரண்டு பேர் உடம்பையும் பார்த்துக்கொள்.

உன்னிடம் மறைக்க இனி என்ன இருக்கிறது? பயமாக இருக்கிறது. பகலில் வேலை இருக்கிறது. விரிப்பை மூலைக்கு மூலை பிடித்து மடிக்கும்போது பயம் வருவதில்லை. உடை மாற்றும்போது வருகிறது. உடம்பில் ஒரு பகுதியை எடுத்துவிடுவார்கள் என்று சொல்வது வேறு, அந்தப் பகுதியைக் கையால் தொட்டுப் பார்ப்பது வேறு. போன ஞாயிறு கோயிலில் எல்லாரும் எனக்காக ஜெபம் செய்தார்கள். எனக்கு ஒரு வார்த்தைகூடக் காதில் விழவில்லை. வீட்டுக்கு வந்து நீ எழுதியதைத்தான் படித்தேன். அவசரமாகப் போனவர் நின்றார். அந்த ஒன்று காதில் விழுந்தது.

அதனால் ஒரு ஆசை. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது அம்மாவின் புத்தகத்தை இரண்டு பாதியாகவாவது சேர்த்து எடுத்துப் போகவேண்டும். உன் பாதியைப் பார்சலில் அனுப்பு. பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவேன், எனக்கே வைத்துக்கொள்ளமாட்டேன். அம்மாவின் பென்சிலை விரலால் தொடவேண்டும்போல இருக்கிறது.

அனுப்புமுன் யோவான் கடைசி அதிகாரத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுது. கரையில் நெருப்பு மூட்டி, அப்பமும் மீனும் வைத்துக்கொண்டு இயேசு காத்திருப்பாரே, அந்த இடம்.

அக்கா


ஏப்ரல் 5

அக்காவுக்கு,

சுகம் விசாரித்து எழுதக் கை வரவில்லை. கேட்டபடி பார்சலை அனுப்புகிறேன். இந்தக் கடிதத்தை அதற்குள்ளேயே வைத்திருக்கிறேன். புத்தகத்தைத் திறக்குமுன் இதைப் படி.

உள்ளே அம்மாவின் பென்சில் இல்லை. நான் வெட்டிவிட்டேன். கடையில் மற்றப் புத்தகங்களோடு சேர்த்துக் கைப்பழக்கத்தில் ஓரம் வெட்டும் மெஷினில் வைத்துவிட்டேன். சீவலைப் பார்த்தபிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது. அன்றைக்கே உன்னிடம் சொல்லியிருக்கவேண்டும். நாளைக்குச் சொல்லலாம் என்று பதினொரு வருஷம் கடத்திவிட்டேன்.

நான் எழுதி அனுப்பியவை அம்மாவின் வார்த்தைகள் இல்லை. நானே யோசித்து எழுதியவை. பொய் சொல்லி உன்னைத் தேற்றப் பார்த்தேன். இந்தப் பார்சலையும் ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போடலாமா என்று நினைத்தேன். ஒரு பென்சிலை வாங்கிவந்து, அம்மா மாதிரி எழுதிவிடலாமா என்றுகூடப் பார்த்தேன். அதற்கும் ஓரம் வேண்டுமே. விரல் நகம் அகலம்தான் மிச்சம் இருக்கிறது.

யோவான் கடைசி அதிகாரத்தைப் படித்தேன். மூன்று தடவை அவரைத் தெரியாது என்று சொன்ன பேதுரு ஈரத்துணியோடு கரைக்கு வருகிறான். அவர் அவனைப் பார்த்ததும் முதலில் சாப்பிடத்தான் கூப்பிடுகிறார். கேள்வி அதற்குப் பிறகுதான். அம்மா அங்கே என்ன எழுதியிருந்தாள் என்று எனக்குத் தெரியாது. இது நான் சொல்வது.

ஆபரேஷனுக்கு முன்னால் உன் மனசைக் கெடுக்கிறேன் என்று தெரிகிறது. ஆனால் பொய்யைக் கையில் பிடித்துக்கொண்டு நீ உள்ளே போவதை என்னால் பார்க்கமுடியாது. என்னைத் திட்டு. பேசாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன் தம்பி


ஏப்ரல் 24

மாப்பிள்ளைக்கு,

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது என்று அன்றைக்கே போனில் சொன்னேன். மற்றதை எழுதுகிறேன் என்றேன், இதோ. நேற்று வீட்டுக்கு வந்துவிட்டோம். காய்ச்சல் இல்லை. சாப்பிடுகிறாள். வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை.

உங்கள் பார்சல் 11ஆம் தேதி வந்தது. பிரித்துப் படித்தாள். புத்தகத்தை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். பிறகு மடியில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் அழுதாள். எனக்குக் கோபத்தில் அழுகிறாளா, வேறெதிலா என்று தெரியவில்லை. கேட்கவும் பயம். உங்களைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நீங்கள் போன் செய்தபோது எழுந்து பின்பக்கம் போய்விட்டாள். அதை உங்களிடம் அப்போது சொல்லவில்லை.

ஆனால் இரண்டு பாதியையும் ஒரே பையில் வைத்து ஆஸ்பத்திரிக்கு எடுத்து வந்தாள். 18ஆம் தேதி காலையில் உள்ளே கொண்டுபோக ஆள் வந்ததும் புத்தகத்தை என்னிடம் கொடுத்தாள். தள்ளிக்கொண்டு போகும்போது வாய் முணுமுணுத்தது. கூடவே நடந்ததால் எனக்குக் கேட்டது. "அவசரமா போனவரு நின்னாரு. அவசரமா போனவரு நின்னாரு." கதவு வரைக்கும் அதையே சொல்லிக்கொண்டு போனாள்.

இதை உங்களுக்கு எழுதவேண்டும் என்று தோன்றியது. பொறுமையாக இருங்கள், அவளே எழுதுவாள்.

அத்தான்


மே 21

என் பசைக்கைத் தம்பிக்கு,

இடது கையால் எழுதுகிறேன், கோழி கிளறிய மாதிரிதான் இருக்கும். நான்கு நாளாக எழுதிக்கொண்டிருக்கிறேன். உன் முதுகு எப்படி? உன் வீட்டுக்காரி அனுப்பிய கம்பளிச் சால்வைக்கு என் நன்றியைச் சொல். மருந்து ஏற்றுகிற அறை குளிரும், அங்கே அதைத்தான் போர்த்திக்கொள்கிறேன். ஒரு தடவை ஏற்றியாகிவிட்டது, இன்னும் ஐந்து. முடி கொட்ட ஆரம்பித்திருக்கிறது. எடுத்ததைச் சோதித்துப் பார்த்ததில் வேறெங்கும் பரவவில்லை என்று வந்திருக்கிறது. முதலில் அதைத்தான் எழுதியிருக்கவேண்டும். ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்.

இனி நம் கணக்கு. கோபம் வந்தது, தம்பி. நிஜமாகவே வந்தது. ஓரம் போனதற்கு இல்லை. கை தவறுகிற வேலைதான் எல்லா வேலையும், நானும் எத்தனை வெள்ளை விரிப்பில் சூட்டுத் தழும்பு வைத்திருக்கிறேன். பதினொரு வருஷம் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே மறைத்தாயே, அதற்குத்தான். அந்தக் கோபம் தீர ஒரு மாதம் ஆயிற்று. தீராமல் எழுதக்கூடாது என்று சும்மா இருந்தேன்.

நீயும் ஒன்று தெரிந்துகொள். நீ எழுதியது அம்மாவின் வார்த்தை இல்லை என்று எனக்கு முதல் கடிதத்திலேயே தெரியும்.

எப்படி என்று கேட்பாய். உன் ஆயுசில் ஒரு தடவையாவது அம்மா என்ன எழுதுகிறாள் என்று எட்டிப் பார்த்திருக்கிறாயா? என் பாதி முழுக்க அவள் எழுதியது ஒரே ஒரு வார்த்தைதான். தேதி போடுவாள், பக்கத்தில் "ஸ்தோத்திரம்" என்று எழுதுவாள். அவ்வளவுதான். அம்மா எழுதக் கற்றதே முப்பது வயதுக்கு மேல். கை வந்த வார்த்தை அது ஒன்றுதான். ஏசாயாவில் எந்தத் தேதி போட்டிருக்கிறாள் என்று தெரிந்துகொள்ளத்தான் உன்னைக் கேட்டேன். அப்பா இறந்த தேதி நாற்பத்திரண்டாம் சங்கீதத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கேயும் அதே வார்த்தை. பென்சிலை அழுத்திய அழுத்தில் தாள் கிழிந்திருக்கிறது. நீ பிறந்த தேதி நூற்று இருபத்தேழில் இருக்கிறது. எனக்குத்தான் தேதி இல்லை. நான் பிறந்தபோது அவளுக்கு எழுதத் தெரியாது.

என் பாதியில் ஒரு வார்த்தைக்கு மேல் பேசாத அம்மா, உன் பாதிக்கு வந்ததும் எப்படி வாயாடி ஆனாள்? படித்ததும் சிரித்துவிட்டேன். பிறகு கடிதத்தை மறுபடி எடுத்துப் படித்தேன். நீ புத்தகத்தைத் தொலைத்துவிட்டாய், இல்லை தூக்கி எறிந்துவிட்டாய், அதனால்தான் கதை விடுகிறாய் என்று நினைத்தேன். அதைத் தெரிந்துகொள்ளத்தான் புத்தகத்தை அனுப்பச் சொன்னேன். பார்சல் வந்ததே, அது போதும். வெட்டுப்பட்டோ, குத்துப்பட்டோ, புத்தகம் இருக்கிறது. அன்றைக்கு நான் அழுத அழுகையில் பாதி அதற்குத்தான்.

தெரிந்தும் ஏன் மேலும் கேட்டேன் என்றால், எனக்கு அந்த வார்த்தைகள் வேண்டியிருந்தன. அவற்றை எழுத நீ வசனத்தைத் திறந்து படித்திருக்கவேண்டும் என்பதும் புரிந்தது. கோயில் பக்கமே போகாத என் தம்பி எனக்காக ஏசாயாவைத் தேடிப் பிடித்துப் படித்திருக்கிறான். அதை நினைத்தாலே தெம்பாக இருந்தது. நீ போவதில்லை என்பதும் எனக்குத் தெரியும். உன் வீட்டுக்காரி என்னிடம் எதையும் மறைப்பதில்லை.

அன்று காலை கதவுக்குள் போகும்போது அம்மாவின் ஒற்றை வார்த்தை என் வாயில் வரவில்லை. நீ எழுதியதுதான் வந்தது. கண் விழித்தபிறகுதான் அம்மாவின் வார்த்தையைச் சொல்ல முடிந்தது.

இரண்டு பாதியையும் இதோடு அனுப்புகிறேன். மறுபடியும் ஒரே புத்தகமாகக் கட்டிக் கொடு. என் பாதியில் ஒரு மயிரிழைகூட ஓரம் வெட்டக்கூடாது. மெஷின் பக்கமே கொண்டுபோகாதே. ஒரு பாதி அகலமாகவும் ஒரு பாதி ஒடுக்கமாகவும் நின்றால் நிற்கட்டும். ஏசாயா நாற்பத்து மூன்றில் நீ விட்டுவைத்த நகம் அகல ஓரத்தில் 18ஆம் தேதியைக் குறித்திருக்கிறேன். தேதிக்குத்தான் இடம் இருந்தது. மீதியை நீ வாயால் சொல்லிக்கொள்.

கட்டி முடித்ததும் தபாலில் போடாதே, நீயே கொண்டு வா. கரையில் நெருப்பு மூட்டினவர் செய்த மாதிரி, முதலில் சாப்பாடு போடுகிறேன். கேள்வியெல்லாம் பிறகு.

அக்கா


ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

உன் இடது கை எழுத்து என் வலது கை எழுத்தைவிட நன்றாக இருக்கிறது. இரண்டாவது மருந்தும் தாங்கிக்கொண்டாய் என்று அத்தான் போனில் சொன்னார். இங்கே முதுகு உட்பட எல்லாரும் சுகம். உன் கடிதத்தை உன் தம்பி மனைவிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டினேன். வாயாடி அம்மா இடத்தில் அவள் சிரித்த சிரிப்பு அடங்கவே இல்லை. உன்னிடம் கோள் சொன்னதற்காக அவளை நான் ஒன்றும் கேட்கவில்லை.

புத்தகம் தயார். வீட்டு மேசையில் வைத்துக் கையாலேயே தைத்தேன். கடைக்கு அட்டை போட மட்டும் எடுத்துப் போனேன். முதலாளி கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, "என்னய்யா இது, பாதிக்கு மேல உள்ள போயிருக்கு? எந்தக் கத்துக்குட்டி கட்டினான்?" என்றார். நான்தான் என்றேன். "ஓரம் வெட்டி ஒரே மட்டமா ஆக்கிடு" என்று மெஷினைக் காட்டினார். வேண்டாங்க, இது இப்படித்தான் இருக்கணும் என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்துவிட்டுப் போய்விட்டார். அகலப் பாதியும் ஒடுக்கப் பாதியும் சேர்கிற அந்தப் படியில் கட்டைவிரலை வைத்தால் சங்கீதம் முடிகிற இடம் தானாகத் திறக்கிறது. கை தூக்க முடியாத உனக்கு அது வசதியாக இருக்கும்.

நீ குறித்த தேதியைப் பார்த்தேன். மீதியை வாயால் சொன்னேன். கடையில், எல்லாரும் இருக்கும்போது, சத்தமாகவே வந்துவிட்டது. தைக்கிறவர்களில் ஒருவர் ஊசியை நிறுத்திவிட்டு "ஆமென்" என்றார். அவரும் நம்மவர் என்று இத்தனை வருஷம் எனக்குத் தெரியாது. போன இரண்டு ஞாயிறும் அவரோடுதான் கோயிலுக்குப் போனேன்.

வருகிற சனிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறோம். அத்தானின் பஸ்ஸாக இருந்தால் டிக்கெட் எடுத்துத்தான் ஏறுவோம் என்று அவரிடம் சொல்லிவை.

உன்னைக் கேட்காமல் ஒன்று செய்துவிட்டேன். முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், இனி எதையும் மறைப்பதாக இல்லை. தாயின் வயிற்றில் இருக்கும்போதே ஆண்டவர் நம்மைப் பார்த்தார் என்று வருகிற நூற்று முப்பத்தொன்பதாம் சங்கீதம் உன் பாதியில் இருக்கிறது. அங்கே ஓரம் தாராளமாக இருந்தது. பென்சிலால் நீ பிறந்த தேதியைப் போட்டு, பக்கத்தில் ஸ்தோத்திரம் என்று எழுதியிருக்கிறேன். அம்மா எழுதியது என்று சொல்லமாட்டேன். என் கையெழுத்துதான்.

உன் தம்பி